கம்பங்கரைப் பள்ளிக்கு உயிர் உண்டா?

கம்பங்கரை அரசு உயர்நிலைப் பள்ளி இறந்துவிட்டது என்ற தகவல் வந்து சேர்ந்தபோது, அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பு பதினாறாம் வாய்ப்பாட்டைக் கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தது. சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதித்தது. ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் ஒரு அழிரப்பருக்காகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். இறந்துபோன பள்ளிக்கு இது கொஞ்சம் கூடுதலான நடமாட்டம்தான்.

தகவல் வாட்ஸ்அப்பில் வந்தது. தலைமையாசிரியர் ரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒன்றல்ல, இரண்டு தகவல்கள். 'மாவட்டத்தின் தலைசிறந்த மின் சிக்கனப் பள்ளியாகத் தங்கள் பள்ளி தேர்வு செய்யப்பட்டுள்ளது, வாழ்த்துகள்' என்றது முதலாவது. 'தங்கள் பள்ளியில் உயிர்ப்பு இல்லை எனக் கண்டறியப்பட்டதால், வரும் ஜூன் முதல் அது பெரிய ரோட்டுப் பள்ளியுடன் இணைக்கப்படுகிறது, வருந்துகிறோம்' என்றது அடுத்தது. இரண்டின் அடியிலும் ஒரே கையெழுத்து. காசிராஜன். வாழ்த்தியதற்கும் வருந்தியதற்கும் கையெழுத்தின் வால் ஒரே மாதிரி சுழித்திருந்தது.

ரத்தினம் சார் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "ஏலே டெல்வின்! அந்தப் பத்திரகாளியை வரச் சொல்லு. பள்ளிக்கூடத்தைக் கொன்னுட்டா."

பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிடக் கூடாது. பத்திரகாளி பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒல்லிப்பிச்சான். ஒரு காற்று பலமாக அடித்தால் இரட்டைச் சடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். குரல் மட்டும் பெயருக்குப் பழுதில்லாமல் இருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் அவளை மின் சிக்கனப் படைக்குத் தளபதி ஆக்கினார்கள்.

படை வந்த கதை இது. பள்ளி திறந்த கொஞ்ச நாளில் மாவட்ட மின் சிக்கன அலுவலர் காசிராஜனிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் மாணவர்கள் மின் சிக்கனப் படை அமைக்க வேண்டும். தளபதி வேண்டும். பேனர் வேண்டும். பேனரோடு தளபதி நிற்கும் போட்டோ அன்று மாலைக்குள் வேண்டும். எல்லாப் பள்ளிகளும் படை அமைத்தன, போட்டோ எடுத்தன, அனுப்பின, பேனரைச் சுருட்டி பீரோவுக்கு மேல் போட்டன. அத்தோடு படைகளுக்கு ஓய்வு.

கம்பங்கரையில் மட்டும் ஒரு தவறு நடந்துபோயிற்று. பத்திரகாளி பேனரைப் படித்துவிட்டாள்.

மறுநாள் ரத்தினம் சார் மதியத் தூக்கத்திலிருந்து வியர்த்து விழித்தபோது, தலைக்கு மேல் விசிறி நின்றிருந்தது. சுவிட்ச் பக்கத்தில் தளபதி நின்றிருந்தாள்.

"ஏட்டி, போட்டோ எடுத்து அனுப்பியாச்சு. அவியளும் பார்த்தாச்சு. இன்னும் என்னத்துக்கு ஃபேனை நிறுத்துத?"

"நிறுத்தணும்னு பேனர்ல போட்டிருக்கே சார்."

"பேனர்ல போடுததையெல்லாம் செய்ய ஆரம்பிச்சா நாடு தாங்குமாட்டி?"

நாட்டைப் பற்றிப் பத்திரகாளிக்குக் கவலை இல்லை. ஒன்பதாம் வகுப்பின் ஜன்னல்களைப் பழைய புத்தகக் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. படை அவற்றை அப்புறப்படுத்தியது. பல வருஷமாக டியூப்லைட் போட்டுப் பாடம் நடந்த அறையில் சூரியன் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் மோட்டார் காலையில் போட்டால் சாயங்காலம்தான் நிற்கும். தொட்டி நிறைந்து வழிந்து, பின்பக்கம் ஊர் எருமைகள் எல்லாம் வந்து புரளுகிற மாதிரி ஒரு சிறு குளமே உண்டாகியிருந்தது. படையில் இருந்த அவள் வகுப்புத் தோழன் டெல்வின் தொட்டியின் ஓட்டையை அடைத்து, நிறைந்தால் கத்துவதற்கு ஓர் ஆறாம் வகுப்பு மாணவனை நியமித்தான். எருமைகள் ஏமாந்து போயின. மின்சார மணிக்குப் பதில் வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார்கள். ஆசிரியர் அறையில் மோர் குளிர வைக்க இருந்த குட்டி ஃபிரிட்ஜுக்குப் பதில் மண்பானை வந்தது. மதியப் பாடங்கள் வேப்பமரத்து நிழலுக்கு இடம் மாறின. கணினி அறையில் சிக்கனம் செய்ய ஒன்றுமில்லை. கணினிகள் வந்த நாள் முதல் அது பூட்டித்தான் இருந்தது.

மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. மின்சாரம் ஓட ஓட மினுக்கும். முன்பு அது மின்மினிப் பூச்சி மாதிரி விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. இப்போது வால் நட்சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வந்து கூட்டமாக நின்று பார்ப்பார்கள். மினுக்கினால் "போச்சு, போச்சு!" என்று கூச்சல் போட்டு, எந்த அறையில் எந்தத் துரோகி சுவிட்சைப் போட்டான் என்று தேடி ஓடுவார்கள்.

மீட்டர் கணக்கெடுக்கிற பிச்சையா அந்தத் தடவை வந்து பார்த்துவிட்டு, மீட்டரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். சுற்றிலும் பள்ளிக்கூடமே கூடி நின்று அவரை வேடிக்கை பார்த்தது.

"சார், பள்ளிக்கூடம் லீவா?"

"பிள்ளையள் மேல இடிச்சுக்கிட்டு நின்னு கேக்கீரே, வேய்!" என்றார் ரத்தினம் சார்.

"இல்ல, மீட்டர் செத்துப்போச்சோன்னு பார்த்தேன். மீட்டர் நல்லாத்தான் இருக்கு. அப்போ பள்ளிக்கூடம்தான்…" பிச்சையா தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னதைத்தான் காசிராஜனின் அலுவலகக் கம்ப்யூட்டரும் சொன்னது.

---

கோவில்பட்டியில் அந்த அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. ரத்தினம் சாரும் பத்திரகாளியும் படியேறிப் போனார்கள். ஒரே பெரிய அறை. இந்தக் கோடியில் ஒரு மேசை, நாற்காலியில் பச்சைத் துண்டு. அந்தக் கோடியில் ஒரு மேசை, நாற்காலியில் வெள்ளைத் துண்டு. பச்சைத் துண்டில் காசிராஜன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துண்டில் யாருமில்லை. இரண்டு நாற்காலிகளுக்கு மேலும் விசிறிகள் முழு வேகத்தில் சுற்றின.

பழக்கதோஷம். பத்திரகாளி நேரே சுவருக்குப் போய், ஆளில்லாத நாற்காலியின் விசிறியை நிறுத்தினாள்.

"ஏட்டி! ஏட்டி! கையை எடு!" அலுவலக உதவியாளர் சிவனாண்டி பதறி ஓடிவந்து மறுபடி போட்டார். "ஃபேன் ஓடினாத்தான் அந்த சீட்டு ஆபீசர் டீ குடிக்கப் போயிருக்காவன்னு அர்த்தம். நின்னா, அப்படி ஒரு ஆபீசரே இல்லன்னு ஆயிரும்."

காசிராஜன் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க! இவள்தான் தளபதியா? பெருமையாக இருக்கிறது. பத்து வருடமாகச் சிக்கனம், சிக்கனம் என்று பேசி வருகிறேன். ஒருவர் கூட அதைக் கேட்டுச் செய்வார் என்று நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை."

"ரொம்ப சந்தோசம் ஐயா" என்று ரத்தினம் சார் கையைப் பிசைந்தார். "அந்த இன்னொரு ஆர்டரு…"

"எது?"

"எங்க பள்ளியை இணைக்கப் போறதா…"

காசிராஜனின் முகம் வாடிவிட்டது. "அடப்பாவமே. யார் போட்டது?"

"நீங்கதான் ஐயா."

"நானா? இந்த சீட்டிலிருந்து அப்படி எதுவும் போகவில்லையே." சிவனாண்டியைத் திரும்பிப் பார்த்தார். சிவனாண்டி எதிர்க் கோடியைக் கண்ணால் காட்டினார். "ஓ, அவரா! பள்ளி உயிர்ப்பு ஆய்வு அலுவலர். கூடுதல் பொறுப்பு. அவர் அப்படித்தான், ஈவிரக்கம் கிடையாது. இந்த விஷயமாக நான் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். பதிலே இல்லை. பொறுத்துப் பார்த்து மேலிடத்துக்கே புகார் எழுதிவிட்டேன்."

"மேலிடத்துல என்ன சொன்னாவ ஐயா?"

"அவரிடம் விளக்கம் வாங்கி அனுப்பும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது."

பத்திரகாளி இந்த நாற்காலியையும் அந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நாங்க அவியளைப் பார்க்கலாமா சார்?"

"தாராளமாக. சிவனாண்டி, அவர் இருக்கிறாரா பார்."

சிவனாண்டி அந்தக் கோடிக்கு நடந்து போய், காலி நாற்காலியை மரியாதையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இப்ப வந்துருவாவ ஐயா."

காசிராஜன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். எழுந்து நடந்தார். வெள்ளைத் துண்டில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து வேறொரு கண்ணாடியை எடுத்து மாட்டினார். தலை நிமிர்ந்தபோது முகம் கல்லாகியிருந்தது.

"யார் நீங்கள்? முன் அனுமதி வாங்கினீர்களா?"

ரத்தினம் சார் முதலிலிருந்து சொன்னார். காசிராஜன் கேட்டுக்கொண்டார்.

"இதோ பாருங்கள். ஒரு காலத்தில் இல்லாத பள்ளிகள் எல்லாம் இருப்பதாகக் கணக்குக் காட்டினார்கள். போட்டோ அனுப்பினார்கள், போட்டோவும் பொய். ஆள் போய்ப் பார்க்கலாம் என்றால், போகிற ஆளும் பொய். அதனால்தான் உயிர்ப்புக் குறியீட்டைக் கொண்டுவந்தோம். உயிருள்ள பள்ளியில் விளக்கு எரியும், விசிறி சுற்றும், மோட்டார் ஓடும். பிள்ளை பொய் சொல்லும், வாத்தியார் பொய் சொல்வார். மின்சாரம் பொய் சொல்லாது. உங்கள் பள்ளியில் நாடி விழுந்துவிட்டது."

"சார், நாங்க உயிரோடதான் இருக்கோம்" என்றாள் பத்திரகாளி.

"அதை நீ சொல்லக் கூடாதம்மா. மீட்டர் சொல்ல வேண்டும்."

"சிக்கனம் பண்ணச் சொன்னது நீங்கதானே சார்? விருது கூட…"

"விருதா?" காசிராஜன் பச்சைத் துண்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அவருக்கு வேறு வேலை என்ன? செத்ததற்கெல்லாம் மாலை போடுவார். அடுத்த கணக்கெடுப்பில் மீட்டர் குறைந்தபட்ச அளவுக் கோட்டைத் தாண்டினால் உயிர் இருப்பதாக எடுத்துக்கொள்வேன். தாண்டாவிட்டால் ஜூனில் இணைப்பு. போகலாம்."

படியிறங்கும்போது சிவனாண்டி பின்னாலேயே வந்தார். "மனசுல வச்சுக்காதீங்க சார். ரெண்டு பேருமே நல்ல மனுசங்கதான். சேர்ந்து உட்கார்ந்து பேசினா எல்லாம் தீர்ந்துரும். அதுக்குத்தான் நேரம் அமைய மாட்டேங்குது."

---

பத்திரகாளிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பெரிய ரோட்டுப் பள்ளிக்குப் போக காலையில் ஒரே ஒரு டவுன் பஸ், அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால்தான் ஊருக்குள் திரும்பும். பதினொன்றாம் வகுப்புக்கு எப்படியும் வெளியூர் போக வேண்டியவள்தான் அவள். ஆனால் அவள் தங்கச்சி ஏழாம் வகுப்பு. பக்கத்து வீட்டு ஜீனா எட்டாம் வகுப்பு. பஸ் வராத நாட்களில் பெண்பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று கம்பங்கரையில் யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டிவிட்டு வந்து, விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே அதைச் சொன்னாள். "பள்ளிக்கூட பஸ்ஸு வருமோ வராதோ, தீப்பெட்டி ஆபீஸ் வேன் வாசலுக்கே வருதுல்லா? ரெண்டு நாள் வீட்டுல இருக்கும். மூணாம் நாள் சும்மாதானே இருக்கன்னு வேன்ல ஏத்திருவாங்க. உன் தங்கச்சியும் அப்படித்தான் போவா. நீ சிக்கனம் பண்ணிப் பள்ளிக்கூடத்தை மூடிட்டு வந்திருக்க."

"நான் மூடல. ஆபீசர் மூடுதாரு."

"எந்த ஆபீசரு?"

பத்திரகாளி பச்சைத் துண்டுக்கு ஒரு விரலும் வெள்ளைத் துண்டுக்கு ஒரு விரலும் மடக்கிப் பார்த்தாள்.

மறுநாள் படை மறுபடி கூடியது. சேமித்த கையாலேயே செலவழிப்பது என்று முடிவாயிற்று. எல்லா விசிறியும் சுற்றின, எல்லா விளக்கும் எரிந்தன. ஆனால் இருந்த விசிறிகளே கொஞ்சம், அதிலும் பாதி நோயாளி. பிச்சையாவைக் கேட்டதற்கு, "இந்த லெச்சணத்துல ஓடினா கோட்டைத் தொட அடுத்த தைப்பொங்கல் ஆயிரும்" என்றார்.

அப்போதுதான் பத்திரகாளி ஊருக்குள் போய்க் குரல் கொடுத்தாள். உளுந்தும் மிளகாயும் விளைகிற கரிசல் மண். இட்லிக்கு ஆட்டாத வீடு கிடையாது, வத்தல் பொடி திரிக்காத வீடும் கிடையாது. "எல்லாரும் மாவைப் பள்ளிக்கூடத்துல வந்து ஆட்டுங்க!"

ஊர் யோசிக்கவே இல்லை. வீட்டில் ஆட்டினால் வீட்டு மீட்டர் ஓடும், பள்ளியில் ஆட்டினால் அரசாங்கத்து மீட்டர். மறுநாளே கிரைண்டர்கள் தலைச்சுமையாக வந்து இறங்கின. ஒன்பதாம் வகுப்பில் கிரைண்டர், எட்டாம் வகுப்பில் மிக்சி, ஏழாம் வகுப்பில் இஸ்திரிப் பெட்டி. டெய்லர் பாலகணேஷ் மோட்டார் வைத்த தையல் மெஷினோடு ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சரித்திர ஆசிரியர் பாஞ்சாலங்குறிச்சிப் போரை மூன்று கிரைண்டர்களின் இரைச்சலுக்கு மேல் நடத்தினார். அந்தச் சத்தத்தில் பீரங்கி முழங்குவதாகவே பிள்ளைகள் நம்பினார்கள். மாவுக்குக் காத்திருந்த பெண்கள் பாடத்தைக் கேட்டுவிட்டு, "கோட்டையை விட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா போயிருக்கணும், நான் அப்பவே சொன்னேன்" என்று கருத்தும் சொன்னார்கள். மிக்சி அறையில் மிளகாய்ப் பொடி திரித்ததால், எட்டாம் வகுப்பு வாய்ப்பாட்டைத் தும்மலோடு சேர்த்தே மனப்பாடம் செய்தது.

மீட்டரின் சிவப்பு விளக்கு பைத்தியம் பிடித்த மாதிரி மினுக்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

---

காசிராஜன் இரண்டு வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டார். காலையில் விசாரணை, மதியம் விருது. ஜீப்பிலிருந்து அவருக்கு முன்னால் சிவனாண்டி இறங்கினார், தோளில் இரண்டு துண்டுகளோடு. ஒன்பதாம் வகுப்பின் நாற்காலியில் வெள்ளைத் துண்டைப் போட்டு, விசிறியை முழு வேகத்தில் வைத்தார். கிரைண்டர்கள் மேல் அவசரமாகப் பழைய மின் சிக்கன பேனரைப் போர்த்தியிருந்தார்கள். ரத்தினம் சார் அதன்மேல் ஒரு உலக உருண்டையையும் வைத்து, பார்வைக்குக் கல்வி சார்ந்ததாக ஆக்கியிருந்தார்.

காசிராஜன் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாடி நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது. இந்தக் குறுகிய காலத்தில் இவ்வளவு உயிர் எப்படி வந்தது?"

"பிள்ளையளோட ஆர்வம் ஐயா" என்றார் ரத்தினம் சார்.

அந்த நேரத்தில் கையில் வாளியோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தாள். "தம்பி, கொஞ்சம் நகந்து உட்காருங்க. மாவு புளிச்சிரும், வழிச்சுட்டுப் போயிருதேன்." பேனரைத் தூக்கினாள். உலகம் உருண்டு காசிராஜனின் காலடியில் வந்து நின்றது. அம்மாள் மாவை வழித்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களும் ஆட்டத்தான் வந்தியளா? இன்னைக்கு எனக்குப் பிறகு ஜீனா அம்மை, அதுக்குப் பிறகுதான்."

பக்கத்து அறையில் யாரோ விடாமல் தும்மினார்கள்.

காசிராஜன் தீர்ப்புச் சொன்னார். "மின்சாரம் பொய் சொல்லாது என்று நினைத்தேன். அதையும் பொய் சொல்லப் பழக்கிவிட்டீர்கள். மாவு ஆட்டிய மின்சாரம் கல்வி மின்சாரம் ஆகாது. அத்தனை யூனிட்டையும் கழிக்கிறேன். கழித்தால் மிச்சமில்லை. பள்ளி இறந்தது இறந்ததுதான்."

பத்திரகாளி அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்தும் வந்துவிட்டது. "சார், ஒரு தடவை எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்துட்டுப் போங்க சார். நெறைய பேரு இருக்காங்க."

"பார்க்கலாமம்மா. பார்த்தால் மனம் இளகிவிடும். குறியீட்டுக்கு மனம் கிடையாது. அதுதான் அதன் சிறப்பு."

சாப்பாடு முடிந்தது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, சிவனாண்டி பச்சைத் துண்டை விரித்தார். சிக்கன விழா என்பதால் விசிறி கிடையாது என்று காசிராஜனே உத்தரவிட்டிருந்தார். மாசி வெயில். காலையில் கல்லாக இருந்த மனிதர் மதியம் உருகி ஓடினார்.

"மறைந்த கம்பங்கரைப் பள்ளிக்கு" என்று தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார், "மறைவுக்குப் பிந்திய விருதாக இதை வழங்குவதில் பெருமையும் துயரமும் அடைகிறேன். உத்தமமான பள்ளி. சாகிற வயதா இது? இதன் சாவுக்குக் காரணமானவரைக் காலையில்தான் இங்கே பார்த்ததாகச் சொன்னார்கள். நான் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் தடுத்திருப்பேன்." நெற்றியைத் துடைத்தார். அது வியர்வையா கண்ணீரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "இந்தப் பள்ளி மறைந்தாலும் அதன் வழி மறையக் கூடாது. மாவட்டத்தின் எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் கம்பங்கரை முறையை நாளை முதல் அப்படியே பின்பற்ற வேண்டும். இது வேண்டுகோள் அல்ல, உத்தரவு!"

சிவனாண்டி ஒருவர் மட்டும் கைதட்டினார்.

ஜீப் போன புழுதி அடங்கியதும் டெல்வின் விருதுக் கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏட்டி, எனக்கு ஒண்ணு புரியல. எல்லாப் பள்ளியும் நம்மளை மாதிரியே செஞ்சா, எல்லாப் பள்ளியும் நம்மளை மாதிரியே செத்துராதா?"

பத்திரகாளியின் அழுகை பாதியில் நின்றது.

"என்ன சொன்ன?"

"செத்துரும்லான்னு சொன்னேன்."

"எல்லாமே செத்துட்டா, நம்மளை எதுலலே சேர்ப்பாங்க?"

---

தளபதிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. போட்டோ அனுப்புவதற்காகக் காசிராஜன் தொடங்கியது. அதில் அதுவரை ரோஜாப்பூவும் காலை வணக்கமும் தவிர வேறெதுவும் வந்ததில்லை. பத்திரகாளி அம்மாவின் போனிலிருந்து முதலில் பெரிய ரோட்டுப் பள்ளியின் தளபதி ஐஸ்வர்யாவைக் கூப்பிட்டாள்.

"எங்க பள்ளியும் செத்துருமேட்டி!" என்று அலறினாள் ஐஸ்வர்யா.

"செத்தாத்தான் பொழைக்கும். உங்க பள்ளி உயிரோட இருக்கதுனாலதான் எங்களை உங்க தலையில கட்டுதாங்க. இப்ப ஒரு பெஞ்சுல எத்தனை பேரு உட்காருதீங்க?"

"அஞ்சு பேரு."

"ஜூன்ல நாங்க வந்தா மடியிலதான் உட்காருவோம். யோசிச்சுக்கோ."

ஐஸ்வர்யா நெடுநேரம் யோசிக்கவில்லை. அவள் பக்கத்துப் பள்ளிக்குச் சொன்னாள், அந்தப் பள்ளி அடுத்த பள்ளிக்குச் சொன்னது. விளாத்திகுளம் பக்கம், எட்டயபுரம் பக்கம், கடற்கரைப் பக்கம் என்று படைகள் பீரோ மேலிருந்து பேனரை இறக்கி, முதல் முறையாகப் படித்துப் பார்த்தன. ஜன்னல்கள் திறந்தன. தொட்டி ஓட்டைகள் அடைபட்டன. கண்ட இடத்தில் தண்டவாளத் துண்டுகள் தொங்கின. தலைமையாசிரியர்கள் தடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் காசிராஜனின் உத்தரவைக் காட்டினார்கள். காசிராஜனும் குழுவில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் கட்டை விரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். பச்சைத் துண்டில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து சிவனாண்டி பார்த்ததே இல்லை.

பிச்சையாக்கள் எல்லோரும் கணக்கெடுத்து முடித்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் மாவட்ட வரைபடத்தில் உயிருள்ள பள்ளி பச்சைப் புள்ளி, இறந்த பள்ளி சாம்பல் புள்ளி. ஒரு நாள் காலை காசிராஜன் வெள்ளைத் துண்டில் உட்கார்ந்து திரையைத் திறந்தார். விளாத்திகுளம் முதல் கடல் வரை மாவட்டம் முழுக்கத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவர் விதிகளைப் புரட்டினார். இறந்த பள்ளியை உயிருள்ள பள்ளியோடு இணைக்க வழியிருந்தது. இறந்ததை இறந்ததோடு இணைக்க எந்த விதியிலும் இடமில்லை. புரட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு விதி கண்ணில் பட்டது. பள்ளிகள் இல்லாத மாவட்டத்துக்குப் பள்ளி அலுவலர் தேவையில்லை. அப்படிப்பட்டவர் உபரி.

அதைப் படித்த காசிராஜன், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்து எழுந்தார்.

---

இந்தத் தடவை ஜீப்பிலிருந்து துண்டு எதுவும் இறங்கவில்லை. காசிராஜன் மட்டும் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். எழுத்துத் தமிழெல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோயிருந்தது.

"சார்வாள், ஆபத்து! மேலிடத்துல கேக்காவ. ஒரு பள்ளியாவது உசிரோட இருக்குன்னு இப்பமே காட்டணும். கரண்டைக் காட்ட முடியாது. வேற ஏதாவது வழி இருக்கா?"

ரத்தினம் சார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வருகை எடுத்துக் காட்டலாம் ஐயா."

"அப்படின்னா?"

"பிள்ளையளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டு, இருக்காங்களான்னு கேக்கது."

காசிராஜன் அவரை வியப்போடு பார்த்தார். "இப்படி ஒரு முறை இருக்கா! எங்கிட்ட யாருமே சொல்லலையே."

பத்திரகாளி குறுக்கே வந்தாள். "எடுக்கலாம் சார். ஆனா முதல்ல இணைப்பு ரத்துன்னு சொல்லணும். இல்லன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம். செத்தவங்க பேச மாட்டாங்க."

"ஏட்டி, அவியகிட்ட இப்படியா பேசுவ?" என்று ரத்தினம் சார் அதட்டினார். அதட்டலில் அவ்வளவு வேகமில்லை.

"ரத்துதான் தாயி, ரத்துதான். மேலிடத்து வாயாலேயே சொல்ல வைக்கேன்" என்று காசிராஜன் கும்பிட்டார்.

எல்லா வகுப்பையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். டெல்வின் காசிராஜனின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். திரையில் மேலிடத்து அதிகாரி ஒருவர், கேட்டுக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பத்திரகாளி பேர்களை வாசித்தாள். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு?

"சத்யபிரியா!"

"உள்ளேன் ஐயா!"

"முத்துகிருஷ்ணன்!"

"உள்ளேன் ஐயா!"

"ஜீனா!"

"உள்ளேன் ஐயா!"

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து சொன்னார்கள். ஒருவன் உற்சாகத்தில் இரண்டு தடவை சொல்லி, தலையில் குட்டு வாங்கினான். சத்தம் கேட்டு ஊரே மதில் ஓரம் வந்து நின்றது. காசிராஜன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை முகங்களை அவர் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கடைசிப் பேர் முடிந்ததும் மேலிடத்து அதிகாரி தொண்டையைச் செருமினார். "சரி, பிள்ளைங்க இருக்காங்க. பிள்ளைங்க இருந்தா பள்ளியும் இருக்குன்னுதான் அர்த்தம். இணைப்பு ரத்து. மற்ற பள்ளிகள்லயும் இதே மாதிரி கூப்பிட்டுப் பாருங்க."

மரத்தடி ஆரவாரத்தில் வேப்பம்பூ உதிர்ந்தது. ரத்தினம் சார் அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பத்திரகாளி தங்கச்சியின் தலையைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

"இருங்க, இருங்க" என்றது போன். "எனக்கு இன்னொரு சந்தேகம். ஒரு மாவட்டமே மொத்தமாச் சாகிறவரைக்கும் அங்க யாருக்கும் தெரியலைன்னா என்ன அர்த்தம்? பார்த்துக்கறதுக்கு ஆள் வேணும்ல? இங்க காசிராஜன்னு ஒரு பேரு மட்டும் இருக்கு. அப்படி ஒரு ஆபீசர் அங்க நெசமாவே இருக்காரா?"

ஆரவாரம் அடங்கியது. எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். காசிராஜன் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"உள்ளேன் ஐயா" என்றார்.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள் பத்திரகாளி. "அவியளுக்குக் கேட்டிருக்காது."